லிம்பெரின் தலையில் முதல் கத்தரி

மினோரியைத் தன் வீட்டில் தங்கவைக்க நிக்கொலாசா ஒத்துக்கொண்டதற்குப் பெருந்தன்மை காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊர்க்கூட்டத்தில் தலைவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் மலைமேட்டுக் கொல்பானி ஊர் மொத்தமும் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. மௌனம் நிக்கொலாசாவுக்கு ஆகாது.

"அவ என்ன கடிச்சா தின்னுடப் போறா? எங்க வீட்ல ஒரு அறை சும்மாதானே கெடக்கு. கோழிங்கள வெளிய ஓட்டிட்டுக் கட்டிலப் போட்டா ஆச்சு" என்று சொல்லிவிட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் செவேரோ முழங்கையால் இடித்தான். இடித்து என்ன ஆகப்போகிறது? சபையில் சொன்ன சொல் சொன்னதுதான். அடுத்த வாரமே ஜீப் வந்து, ஜப்பான் தேசத்துப் பெண் ஒருத்தியையும், அவளைவிடப் பெரிதாக ஒரு பையையும் முற்றத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே கீரை வளர்க்கச் சொல்லிக்கொடுக்க வந்தவள். சம்பளம் கிடையாது. இரண்டு வருஷம் இருப்பாளாம்.

"ரெண்டு வருஷமா? நம்ம ஊர்க் காத்துக்கு ரெண்டு வாரம் தாங்குதான்னு பாரு" என்றாள் அடுத்த வீட்டு திபூர்சியா, மதில் மேல் எட்டிப் பார்த்தபடி. ஊரில் பிறந்தது முதல் இறந்தது வரை எல்லாவற்றையும் அந்த மதில் மேலிருந்துதான் அவள் பார்த்திருக்கிறாள்.

வந்த மறுநாளே மினோரி தன் திறமையைக் காட்டினாள். விடியுமுன் எழுந்து முற்றம் முழுக்கப் பெருக்கினாள். அடுப்பெரிக்கக் காயப்போட்டிருந்த லாமாப் புழுக்கையை ஒன்று விடாமல் வாரி, குழி தோண்டி, நேர்த்தியாகப் புதைத்துவிட்டாள். ஒரு மாத விறகு. நிக்கொலாசா எழுந்து வந்து பார்த்தபோது அந்தப் பெண் துடைப்பத்தோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அடி பாவி மகளே!" என்று தன் ஐமாரா மொழியில் நிக்கொலாசா வைதது மினோரிக்குப் புரியவில்லை. நல்ல வார்த்தை என்று நினைத்து, அதையே திருப்பிச் சொல்லிப் பழகினாள். அன்று ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. பனியில் போட்டு மிதித்துக் காயவைத்த கருப்பு உருளைக்கிழங்கை முதல் நாள் அவள் மாத்திரையை விழுங்குவதுபோல விழுங்கினாள். ஆறாம் மாதம், "அக்கா, இன்னும் ரெண்டு போடு" என்று தட்டை நீட்டினாள். முதலில் விளைந்த லெட்டூஸ் கீரையை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "ஏம்மா, நாங்க என்ன முயலா?" என்று திபூர்சியா அதை அவள் கண்ணெதிரிலேயே ஆட்டுக்குப் போட்டாள். மினோரி முகம் சுளிக்கவில்லை. ஆட்டைத் தடவிக்கொடுத்து, "ருசியா இருக்கா?" என்று ஆட்டிடம் கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். தக்காளி காய்த்த பிறகு அதே திபூர்சியா கூடையோடு முதல் ஆளாக வந்து நின்றாள். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

நிக்கொலாசாவின் கடைக்குட்டி லிம்பெர் மினோரியின் முதுகை விட்டு இறங்கவே மாட்டான். கோடுபோட்ட துணியில் அவனைக் கட்டிக்கொண்டு அவள் ஊர் முழுக்கத் திரிவாள். மூத்தவள் யோபானாவுக்குப் பன்னிரண்டு வயது. மாலையில் அவளும் மினோரியும் அடுப்படியில் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். கணக்கில் யோபானா வேகம். மினோரி விரல் விட்டு எண்ணுவதற்குள் இவள் விடை சொல்லிவிட்டு, "மெதுவா யோசி, அவசரமில்ல" என்று கிண்டல் செய்வாள்.

இதெல்லாம் இருக்கட்டும். ஜூன் மாதத்தை நிக்கொலாசா சாகும்வரை மறக்கமாட்டாள். ஆறு மாதக் கரு கலைந்துபோய் அவள் படுத்த படுக்கையானாள். நாற்பது நாள் பச்சைத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது. செவேரோவோ சுரங்க வேலைக்குப் போயிருந்தான். ரத்தத் துணி, பிள்ளைகளின் துணி, பாத்திரம் அத்தனையும் மினோரிதான். காலையில் ஓடையில் பனிக்கட்டியைக் கல்லால் உடைத்தால்தான் தண்ணீரே கண்ணில் படும். அவள் விரல் முட்டிகளெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. ஒரு நாள்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நிக்கொலாசா அழுதால் பக்கத்தில் வந்து உட்காருவாள். ஆறுதல் சொல்ல மொழி போதாது. உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். கூடப்பிறந்த அக்கா தங்கைகள் மூன்று பேர் இருக்கிறார்கள் நிக்கொலாசாவுக்கு. ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது லிம்பெரின் முடிக்கு வருவோம்.

பிள்ளைக்கு மூன்று வயதாகியும் தலையில் கத்தரி படவில்லை. முடி தோளுக்குக் கீழே சடை சடையாகத் தொங்கியது. முதல் கத்தரி யார் கையால் விழுகிறதோ அவர்தான் பிள்ளைக்கு ஞானத்தந்தை, பெண்ணானால் ஞானத்தாய். அன்றிலிருந்து அவரும் பெற்றவர்களும் உறவு. கேட்டதை இல்லையென்று சொல்ல முடியாத உறவு. அதனால் ஆள் பார்த்துத்தான் கத்தரி கொடுப்பார்கள். செவேரோ மூன்று வருஷம் பொறுத்திருந்து பிடித்த ஆள், மரியாதைக்கு ஊரே 'டோன்' சேர்த்துக் கூப்பிடும் டோன் அனக்லெத்தோ. சொந்தமாக லாரி வைத்திருப்பவர். ஓருரோ நகரத்தில் வீடு, வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை.

அந்த அறைதான் விஷயம். கொல்பானிப் பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். மேலே படிக்க நகரத்துக்குத்தான் போகவேண்டும். நகரத்தில் தங்க இடமில்லாத பெண்பிள்ளைகள் ஆடு மேய்க்கப் போவார்கள், பதினாறில் கல்யாணம். நிக்கொலாசாவும் அப்படிப் போனவள்தான். லிம்பெரின் முடியை டோன் அனக்லெத்தோ வெட்டினால் பிப்ரவரியில் யோபானா அந்த அறையில் இருந்து பள்ளிக்கூடம் போவாள். பேச்சு முடிந்தாயிற்று. ஜனவரி இரண்டாம் ஞாயிறு என்று நாளும் குறித்தாயிற்று.

அதற்குப் பத்து நாள் முன்னால் நிக்கொலாசா ஆட்டை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினாள். லிம்பெர் மினோரியின் மடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, பாரு! இவ்ளோ நேரம் அழுதான். முள்ளு முடியில ஒட்டிக்கிச்சு. வரவே இல்ல. இப்ப பாரு, சிரிக்கிறான்."

வலது காதுக்கு மேலே ஒரு கோழிமுட்டை அளவுக்கு முடி இல்லை.

"யாரு வெட்டினது?"

"நான்தான். கீரை வெட்டுற கத்தரி. கழுவிட்டுத்தான் வெட்டினேன்."

நிக்கொலாசா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "முடி எங்க?"

"குப்பையில."

குப்பையைக் கையால் கிளறி, சாம்பலுக்குள்ளிருந்து ஒவ்வொரு முடியாகப் பொறுக்கித் தன் தலைத்துணியின் நுனியில் முடிந்துகொண்டாள். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. திட்டித் தீர்த்தாள். ஒரு வருஷத்தில் மொழி நன்றாகவே புரிய ஆரம்பித்திருந்ததால் மினோரிக்கு இந்த முறை எல்லாம் புரிந்தது. என்ன செய்திருக்கிறோம் என்று தெரிந்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரும் எங்கிட்டச் சொல்லலியே, அக்கா. சொல்லியிருந்தா தொட்டிருக்கவே மாட்டேனே."

உண்மைதான், யார் சொன்னார்கள்? ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று யாராவது விருந்தாளியை உட்காரவைத்துச் சொல்வார்களா? இப்படி ஒன்று தெரியாத மனுஷி உலகத்தில் இருப்பாள் என்று கொல்பானிக்குத் தெரியாது. தவறு யாருடையது என்று கேட்டால், ஊரையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். அன்று நிக்கொலாசாவுக்கு அந்த நியாயமெல்லாம் தோன்றவில்லை. மகளின் படிப்பு குப்பையில் கிடப்பதுதான் தெரிந்தது.

சுரங்கத்திலிருந்து திரும்பிய செவேரோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெகுநேரம் கோகா இலையை மென்றான்.

"யாருக்குத் தெரியும்?"

"நம்ம மூணு பேருக்குத்தான்."

"அப்போ யாருக்கும் தெரியாதுன்னு வெச்சுக்கோ. சடங்கு வரைக்கும் தொப்பி போட்டு வை. அன்னிக்கு மேல் முடிய இழுத்துப் பின்னி மறைச்சுடு. டோன் உச்சி முடியத்தான் வெட்டுவாரு. காதோரம் யாரு பாக்கப் போறா?"

"மினோரி இருக்காளே?"

"அவ முகத்துல பொய் ஒரு நிமிஷம் தங்காது. அன்னிக்கு அவ அடுப்படியிலயே இருக்கட்டும். சபைக்கு வரவேணாம்."

நிக்கொலாசாதான் போய்ச் சொன்னாள். மினோரி தலையை ஆட்டினாள். "யோபானாவுக்காக. சரி அக்கா." அந்த வாரம்தான் அவளை அனுப்பிய அமைப்பின் ஜீப் மறுபடி வந்திருந்தது. இரண்டாவது வருஷத்துக்கு ஓருரோ அலுவலகத்துக்கு வந்துவிடு, சந்தைப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும், தங்க இடம் தருகிறோம் என்றார்கள். மூன்றாவது தடவை கேட்கிறார்கள். மூன்றாவது தடவையும், "எனக்குக் கொல்பானிதான்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். நிக்கொலாசா மதிலோரம் நின்று அதைக் கேட்டாள். கோபத்தையும் மீறி மனசு குளிர்ந்தது.

ஞாயிறும் வந்தது. முற்றத்தில் கம்பளம் விரித்து, நடுவில் ஸ்டூல் போட்டு லிம்பெரை உட்காரவைத்தார்கள். தட்டில் ரிப்பன் கட்டிய கத்தரி. லாமாக் கறி வெந்துகொண்டிருந்தது. யோபானா புது ரவிக்கை போட்டுக்கொண்டு, பீர் டம்ளர் அடுக்கிய தட்டோடு ஓடிக்கொண்டிருந்தாள். மேலே படிக்கப்போகிறாள் என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

டோன் அனக்லெத்தோ கோட்டும் தொப்பியுமாக வந்து இறங்கினார். நல்ல மனுஷர். பையனின் தலையைப் பார்த்து, "டேய் லிம்பெர், இந்த முடிய வெட்டினா என் லாரிக்கு ஒரு கயிறே திரிக்கலாம்டா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கத்தரியைக் கையில் எடுத்தார். முறைப்படி சபையைப் பார்த்துக் கேட்டார்:

"யார் கத்தரியும் படாத முடிதானே?"

"படாததுதான்" என்றான் செவேரோ.

அந்த நேரம் பார்த்து நிக்கொலாசா அடுப்படிப் பக்கம் திரும்பினாள். கதவு திறந்திருந்தது. மினோரி முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, சாம்பல் போட்டு அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை குளிர்ந்த தண்ணீர். கை சிவந்து கிடந்தது. அந்தக் கைதான் ஜூன் மாதம் இவளுடைய ரத்தத்தைத் துவைத்த கை. இன்று அதே கை யார் கண்ணிலும் படக் கூடாதாம். ஒளித்துவைத்திருக்கிறோமே, சீ, நாமெல்லாம் மனுஷ ஜாதிதானா என்று நிக்கொலாசாவுக்குத் தோன்றியது.

"நிறுத்துங்க, டோன்."

கத்தரி நின்றது.

"முடியில ஏற்கனவே கத்தரி பட்டுடுச்சு. மினோரி கத்தரி. தெரியாம வெட்டிட்டா. வெட்டின முடிய நான் எடுத்து வெச்சிருக்கேன்." பின்னலை அவிழ்த்துக் காதோரத்தைக் காட்டினாள். "பொய் சொல்லி உங்கள உக்கார வெச்சது எங்க தப்பு. அவ தப்பு இல்ல. அவள அடுப்படியில ஒளிச்சு வெச்சதும் நாங்கதான்."

செவேரோ கண்ணை மூடிக்கொண்டான். யோபானா டம்ளர் தட்டை மெல்லக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் கொல்லைப்பக்கம் போனாள். அவள் முதுகைப் பார்த்தபோதுதான் என்ன செய்துவிட்டோம் என்று நிக்கொலாசாவுக்கு உறைத்தது. பெற்ற மகளின் படிப்பைத் தன் வாயாலேயே அடைத்துவிட்டாளே.

டோன் அனக்லெத்தோ கத்தரியைத் தட்டில் வைத்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"எனக்குக் கோவம் இல்லம்மா. உண்மையச் சொன்ன, சந்தோஷம். ஆனா ஒருத்தர் கத்தரி விழுந்த தலைக்கு நான் ஞானத்தகப்பன் ஆக முடியாது. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? மத்த விருந்தாளிங்க மாதிரி நானும் ஒரு முடி வெட்டுறேன், ஒரு ஆட்டுக்குட்டி குடுக்கிறேன். அறைய என் தங்கச்சி மகன் ரொம்ப நாளாக் கேக்குறான். அவனுக்குக் குடுத்துடுறேன். தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவர் சொன்னது நியாயம். நிக்கொலாசா தலையை ஆட்டினாள்.

"அப்போ ஞானத்தாய் எங்க?" என்று கத்தினாள் திபூர்சியா. "அண்டா தேய்க்கிற ஞானத்தாயை நான் இன்னிக்குத்தான் பாக்குறேன்! கூட்டிட்டு வாங்கடி!"

இரண்டு பெண்கள் போய் மினோரியை இழுத்து வந்தார்கள். ஈரக் கையோடு, கன்னத்தில் சாம்பலோடு நடுச்சபையில் வந்து நின்றாள். ஒருத்தி தன் சால்வையை அவள் தோளில் போட்டாள். கத்தரியைக் கையில் கொடுத்தார்கள். வெட்டுகிறவர் வெட்டிவிட்டுத் தன் சீர் என்ன என்று எல்லார் முன்னாலும் உரக்கச் சொல்லவேண்டும். அது இந்தப் பத்து நாளில் அவளுக்கும் தெரிந்திருந்தது.

நிக்கொலாசா காதோரம், "ஒண்ணும் குடுக்க வேணாம். சும்மா வெட்டு" என்றாள்.

மினோரி கையைப் பாவாடையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு உச்சி முடியை வெட்டித் தட்டில் வைத்தாள். பிறகு பேசாமல் நின்றாள். பின்வரிசையில் யாரோ கெக்கெக்கே என்று சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"எங்கிட்ட ஆடு இல்ல" என்றாள் கடைசியில். "லாரி இல்ல. வீடு இல்ல. ஓருரோ ஆபீஸ் என்ன வா வான்னு கூப்புடுது. மூணு தடவ முடியாதுன்னு சொன்னேன். நாளைக்குச் சரின்னு சொல்றேன். அங்க அறை தருவாங்க. ரெண்டு கட்டில் போடுவேன். ஒண்ணுல நான். ஒண்ணுல யோபானா. பள்ளிக்கூடம் பக்கம்தான். இதுதான் என் சீர்."

சபைக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. முதலில் பிடிபட்டது திபூர்சியாவுக்குத்தான்.

"முடி தம்பிக்கு, சீர் அக்காளுக்கா? எந்த ஊர் நியாயம்டி இது?"

"நல்ல நியாயம்தான்" என்றார் டோன் அனக்லெத்தோ. "அக்கா படிச்சா தம்பிய விட்டுடுவாளா? நீ சும்மா இரு திபூர்சியா."

"ஒரு வருஷம் முடிஞ்சு இவ ஊருக்குப் போயிடுவாளே, அப்புறம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் அழுதுக்கலாம்" என்றார் டோன். "முதல்ல பொண்ணு உள்ள போகட்டும்." சொல்லிவிட்டு ஒரு டம்ளர் பீரை எடுத்து, முறைப்படி பூமித்தாய்க்கென்று கொஞ்சம் மண்ணில் ஊற்றிவிட்டு மினோரியிடம் நீட்டினார். ஊர் கைதட்டியது. செவேரோ முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே கொல்லைப்பக்கம் ஓடினான், மகளைக் கூப்பிட.

நிக்கொலாசாதான் நின்ற இடத்தில் நின்றாள். மகளுக்கு வழி பிறந்துவிட்டது. அது புரிந்தது. இந்த முற்றத்தை விட்டுப் போகமாட்டேன் என்று மூன்று முறை சொன்னவள் இந்த வீட்டுக்காகவே போகிறாள் என்பதும் புரிந்தது. இன்னும் ஒரு வருஷம் கூட இருப்பாள் என்று எவ்வளவு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்! பிப்ரவரியில் ஒரே நாளில் வீட்டை விட்டு இரண்டு பேர் போகப்போகிறார்கள். நிக்கொலாசா பேச்சு வராமல் நிற்பதைக் கொல்பானி அதற்கு முன் பார்த்ததில்லை.

முறைப்படி இப்போது தாய் பேசவேண்டும். புது உறவின் கையைப் பிடித்து, கொமாத்ரே, அதாவது என்னோடு சேர்ந்து தாயானவளே, என்று கூப்பிட்டு, இனி என் பிள்ளை உன் பிள்ளை, பார்த்துக்கொள் என்று சொல்லவேண்டும். எல்லாரும் காத்திருந்தார்கள். நிக்கொலாசா போய் அந்த ஈரக் கை இரண்டையும் பிடித்துத் தன் சால்வைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். கை பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது.

"கொமாத்ரே" என்றாள். "எம் புள்ளயப் பாத்துக்கோன்னு உங்கிட்ட நான் சொல்ல மாட்டேன். அதச் சொல்ல எனக்கு வாய் இல்ல. நீ பாத்த மாதிரி யார் பாப்பாங்க?"

அப்போது யோபானா கண் சிவக்க வந்து பக்கத்தில் நின்றாள். நிக்கொலாசா அவளைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"இங்க வாடி. நல்லாக் கேட்டுக்கோ. ஓருரோவுல துணி துவைக்கிறது நீ. பாத்திரம் தேய்க்கிறது நீ. இவ கைய நீ குளிர் தண்ணியில விட விட்டேன்னு தெரிஞ்சுது, நான் லாரி ஏறி வந்து உன்னப் படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு இழுத்துட்டு வந்துடுவேன். இவளப் பத்திரமாப் பாத்துக்கோ. கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா" என்றாள் யோபானா.